சுற்றுச்சூழல் வேதியியலில் அடியெடுத்து வைப்போருக்கு: எதை முதலில் கற்பது, ஏன் அந்த வரிசையில்

சுற்றுச்சூழல் வேதியியலைத் தொடங்கும் மாணவர்களில் பெரும்பாலோர் மாசுகளின் பட்டியலிலிருந்து தொடங்குகிறார்கள்: ஈயம் இதைச் செய்யும், பாதரசம் அதைச் செய்யும், நைட்ரேட் இன்னதைச் செய்யும் என்று. தேர்வுக்கு அது ஓரளவு உதவும். ஆனால் ஒரு நீர்ப் பகுப்பாய்வு அறிக்கையைக் கையில் கொடுத்து அது என்ன சொல்கிறது என்று கேட்டால், பட்டியலை மனப்பாடம் செய்தவர் திகைத்து நின்றுவிடுகிறார்.

ஒரு பொருளைப் பற்றி இந்தத் துறை கேட்கும் கேள்விகள் நான்குதான்: எவ்வளவு இருக்கிறது, எந்த வடிவில் இருக்கிறது, எங்கே போய்ச் சேர்கிறது, எவ்வளவு வேகத்தில் மறைகிறது. இவற்றை இதே வரிசையில் கற்க வேண்டும். ஒன்றுக்கு விடை தெரியாமல் அடுத்ததற்கு விடை காண இயலாது. மாதிரி எடுப்பதும் ஆய்வகச் சோதனையும் நடைமுறையில் முதலில் வந்தாலும், கற்கும்போது அவற்றைக் கடைசியில் வைப்பதே நல்லது. எந்த வடிவம் எதனால் மாறும் என்று அறியாதவரால் ஒரு மாதிரிப் புட்டியைக்கூடச் சரியாக நிரப்ப முடியாது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மோல், மோலார் செறிவு, சமநிலை மாறிலி, அமில-கார அடிப்படை, ஆக்சிஜனேற்ற எண், மடக்கை ஆகியவை தடுமாற்றமின்றி வர வேண்டும். இவற்றில் மடக்கையைத்தான் மாணவர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். பி.எச்., அமில மாறிலிகள், பங்கீட்டுக் கெழுக்கள் என்று இந்தத் துறையின் பாதி எண்கள் மடக்கை அளவில்தான் எழுதப்படுகின்றன.

ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். பி.எச். 5, பி.எச். 7 என இரண்டு அளவீடுகள் உள்ளன; இவற்றின் சராசரி ஹைட்ரஜன் அயனிச் செறிவுக்கு உரிய பி.எச். என்ன? 6 என்று உடனே சொல்பவர் மடக்கைக்குத் திரும்பிச் செல்ல வேண்டும். லிட்டருக்கு 10⁻⁵, 10⁻⁷ மோல் ஆகியவற்றின் சராசரி 5.05 × 10⁻⁶; அதற்குரிய பி.எச். 5.30 ஆகும். அந்த இரண்டு நீர்களையும் உண்மையில் கலந்தால் இந்த எண்ணும் வராது. அதற்கான காரணம் நான்காம் பகுதியில் வருகிறது.

இவை தவிர, அணு எடை அட்டவணை, ஒரு கணிப்பான், அலகுகளோடு சேர்த்து எண்களை எழுதும் பழக்கம் ஆகியவை போதும். கணிதத்தில் அடுக்குக்குறிச் சார்பின் வளைவைப் புரிந்துகொண்டிருந்தால் தொடக்கத்திற்கு அதுவே நிறைவு.

2. அலகுகள்: எவ்வளவு என்ற கேள்வி

இந்தப் பகுதியில் செலவிடும் நேரம் வீணாகாது. வேதியியல் நன்கு தெரிந்தவர்கள்கூடத் தவறான முடிவுக்கு வருவது பெரும்பாலும் இங்கேதான்.

முதலில் பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்ற அலகை நீருக்கும் காற்றுக்கும் தனித்தனியாகக் கற்க வேண்டும். நீர்த்த நீர்க்கரைசலில் ஒரு லிட்டர் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் என்பதால், ஒரு பி.பி.எம். என்பது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஆகிறது. இது எடை விகிதம். காற்றில் அதே சொல் கன அளவு விகிதத்தை, அதாவது மூலக்கூறுகளின் எண்ணிக்கை விகிதத்தைக் குறிக்கிறது. ஆகவே காற்றில் பி.பி.எம். மதிப்பை எடைக்கு மாற்ற, அந்தப் பொருளின் மோலார் நிறை தேவைப்படும்.

25 டிகிரி செல்சியஸில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில், ஒரு மோல் வாயுவின் கன அளவு 24.45 லிட்டர். எனவே பி.பி.எம். மதிப்பை மோலார் நிறையால் பெருக்கி 24.45-ஆல் வகுத்தால் கன மீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்பது கிடைக்கும். 0.1 பி.பி.எம். ஓசோன் என்பது 0.1 × 48 ÷ 24.45, அதாவது கன மீட்டருக்கு 0.196 மில்லிகிராம். இங்கே 22.4 என்ற எண்ணைப் பயன்படுத்துவது வழக்கமான பிழை. அது 0 டிகிரிக்கு உரியது.

அடுத்தது, எந்தப் பொருளாக அந்த எண் சொல்லப்பட்டிருக்கிறது என்ற கேள்வி. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் நைட்ரேட்டுக்கு அளிக்கும் வழிகாட்டு மதிப்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம். அமெரிக்க விதியின் வரம்பு 10 மில்லிகிராம். ஒன்று மற்றதைவிட ஐந்து மடங்கு கடுமையானது என்று பலர் எழுதிவிடுகிறார்கள். முதலாவது நைட்ரேட் அயனியின் முழு எடை. இரண்டாவது அதிலுள்ள நைட்ரஜனின் எடை மட்டும். 62 கிராம் நைட்ரேட்டில் 14 கிராம் நைட்ரஜன் இருப்பதால், 10 மில்லிகிராம் நைட்ரஜன் என்பது 44 மில்லிகிராம் நைட்ரேட்டுக்குச் சமம். இரண்டு வரம்புகளும் ஏறத்தாழ ஒன்றே.

கடினத்தன்மையும் காரத்தன்மையும் கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிடப்படுவதும் இதே வகையைச் சேர்ந்தது. நீரில் கால்சியம் கார்பனேட் அப்படியே மிதக்கிறது என்று அதற்குப் பொருளில்லை. வெவ்வேறு அயனிகளை ஒரே அளவுகோலில் கூட்டுவதற்கான ஏற்பாடு அது. கால்சியத்தின் அளவை 2.5-ஆலும் மக்னீசியத்தின் அளவை 4.12-ஆலும் பெருக்கிக் கூட்டினால் மொத்தக் கடினத்தன்மை கிடைக்கும். லிட்டருக்கு 40 மில்லிகிராம் கால்சியமும் 12 மில்லிகிராம் மக்னீசியமும் உள்ள நீரின் கடினத்தன்மை 149 மில்லிகிராம். மக்னீசியம் எடையில் குறைவாக இருந்தும் அதன் பங்கு மூன்றில் ஒன்று என்பதைக் கவனிக்க வேண்டும். அது இலேசான அணு என்பதால் ஒரு கிராமில் அதிக அயனிகள் உள்ளன.

இந்த நிலையைக் கடந்துவிட்டதாக எப்போது கருதலாம்? ஓர் அறிக்கையில் எந்த எண்ணைக் கண்டாலும், எதன் எடை, எதனோடு ஒப்பிட்டு, எந்த வெப்பநிலையில் என்று கேட்காமல் அடுத்த வரிக்குப் போக மனம் வராத நிலையில்.

3. வடிவம்: ஒரே தனிமம், வேறு வேறு நடத்தை

மொத்த அளவு தெரிந்த பிறகே வடிவத்தைப் பற்றிப் பேச முடியும். ஆனால் மொத்த அளவோடு நின்றுவிட்டால் நச்சுத்தன்மை பற்றி எதுவும் சொல்ல முடியாது. மூவிணைதிற குரோமியம் பெரும்பாலும் வீழ்படிவாகி மண்ணில் தங்கிவிடும். ஆறிணைதிற குரோமியம் எதிர்மின் அயனியாக நீரோடு நகரும், நச்சும் மிகுதி. இரண்டையும் சேர்த்து மொத்தக் குரோமியம் என்று ஒரே எண்ணாகத் தரும் அறிக்கை பாதி விடையையே தருகிறது.

கணக்கிட்டுப் பழக மிகச் சிறந்த எடுத்துக்காட்டு அம்மோனியா. சாதாரணச் சோதனை, அம்மோனியாவையும் அம்மோனியம் அயனியையும் சேர்த்தே அளக்கிறது. மீன்களைக் கொல்வது பெரும்பாலும் மின்சுமையற்ற அம்மோனியா. அது செவுளின் சவ்வை எளிதில் கடந்துவிடும். 25 டிகிரியில் இந்த இணையின் பி.கே. மதிப்பு, அதாவது இரண்டு வடிவங்களும் சம அளவில் இருக்கும் பி.எச்., 9.25. மொத்த அளவு லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், பி.எச். 7-இல் அம்மோனியா வடிவில் இருப்பது 0.011 மில்லிகிராம் மட்டுமே, பி.எச். 9-இல் அது 0.72 மில்லிகிராம். சோதனையில் கிடைத்த எண் மாறவே இல்லை. ஆபத்து அறுபது மடங்குக்கு மேல் கூடிவிட்டது.

ஆர்செனிக்கிலும் இதே பாடம் உண்டு. நடுநிலை பி.எச்.-இல் மூவிணைதிற ஆர்செனிக் மின்சுமையற்ற மூலக்கூறாகவும், ஐயிணைதிற ஆர்செனிக் எதிர்மின் அயனியாகவும் இருக்கும். இரும்பு ஹைட்ராக்சைடு போன்ற பரப்புகள் பின்னதையே நன்கு பிடிக்கின்றன. அதனால்தான் நீக்கும் முறைகளில் முதலில் ஆக்சிஜனேற்றம் செய்கிறார்கள். காரணம் தெரிந்தால் செயல்முறையை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

வடிவத்தைத் தீர்மானிப்பவை முதன்மையாக இரண்டு: பி.எச். ஒன்று, ஆக்சிஜனேற்ற நிலை மற்றொன்று. அடுத்த இரு பகுதிகளும் இவற்றைப் பற்றியவையே.

4. பி.எச்., காரத்தன்மை, கார்பனேட் சமநிலை

இயற்கை நீரின் பி.எச்.-ஐப் பெரும்பாலும் ஆள்வது கார்பன் டை ஆக்சைடும் அதிலிருந்து வரும் பைகார்பனேட், கார்பனேட் அயனிகளுமே. ஆகவே எல்லா அமிலங்களையும் ஒரே சமயத்தில் படிக்காமல் இந்த ஒன்றை முழுமையாகப் படிப்பது போதும். நினைவில் வைக்க வேண்டிய மதிப்புகள் 25 டிகிரியில் 6.35, 10.33 என்ற இரு பி.கே. மதிப்புகள். பி.எச். 6.35-க்குக் கீழே கரைந்த கார்பன் டை ஆக்சைடு மிகுந்திருக்கும், இரண்டுக்கும் இடையே பைகார்பனேட், 10.33-க்கு மேலே கார்பனேட்.

முதல் பயிற்சியாக, காற்றோடு சமநிலையில் உள்ள தூய நீரின் பி.எச்.-ஐக் கணக்கிட வேண்டும். காற்றில் கார்பன் டை ஆக்சைடு 420 பி.பி.எம். என்று கொண்டு, வாயு நீரில் எவ்வளவு கரையும் என்பதைக் காட்டும் ஹென்றி மாறிலியான 0.034-ஆல் பெருக்கினால் கரைந்த அளவு லிட்டருக்கு 1.4 × 10⁻⁵ மோல். இதை முதல் அமில மாறிலியான 4.5 × 10⁻⁷-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு 2.5 × 10⁻⁶; அதாவது பி.எச். 5.6. மாசற்ற மழைநீரே சற்று அமிலத்தன்மை கொண்டது என்பதும், அமில மழைக்கான எல்லையாக 7-ஐக் கொள்ளாமல் 5.6-ஐக் கொள்வது ஏன் என்பதும் இந்த ஒரு கணக்கில் விளங்கிவிடும். ஆய்வகத்தில் திறந்து வைத்த காய்ச்சி வடித்த நீர் 7-ஐக் காட்டவில்லை என்று கருவியைக் குறைசொல்லும் மாணவருக்கும் இதுவே பதில்.

இரண்டாவது படி காரத்தன்மை. பெயர் ஒன்றுபோல ஒலிப்பதால், பி.எச். அதிகமானால் காரத்தன்மையும் அதிகம் என்று நினைத்துவிடுகிறார்கள். பி.எச். என்பது இந்த நொடியில் உள்ள ஹைட்ரஜன் அயனிகளின் அளவு. காரத்தன்மை என்பது இன்னும் எவ்வளவு அமிலத்தை அந்த நீர் தாங்கும் என்ற இருப்பு. ஒன்று பணப்பையில் இருக்கும் சில்லறை, மற்றது சேமிப்புக் கணக்கு என்று கொள்ளலாம். மிக நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலின் பி.எச். 9.5 ஆக இருந்தாலும் அதன் காரத்தன்மை மிகக் குறைவு. பைகார்பனேட் நிறைந்த நிலத்தடி நீரின் பி.எச். 7.2 ஆக இருந்தும் காரத்தன்மை பல மடங்கு அதிகமாக இருக்கலாம்.

முதல் பகுதியில் சொன்ன இரு நீர்களைக் கலந்தால் சராசரி வராததற்குக் காரணம் இந்த இருப்புதான். எந்த நீரில் காரத்தன்மை மிகுதியோ, கலவையின் பி.எச். அந்தப் பக்கம் சாயும்.

மாணவர்களுக்கு நம்பக் கடினமாக இருக்கும் செய்தி ஒன்று உண்டு: நீரில் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்தால் பி.எச். குறையும், காரத்தன்மை மாறாது. கரையும் ஒவ்வொரு மூலக்கூறும் பிரியும்போது ஒரு ஹைட்ரஜன் அயனியையும் ஒரு பைகார்பனேட்டையும் சமமாகத் தருகிறது. ஒன்று இருப்பைக் கூட்ட, மற்றது அதே அளவு குறைக்கிறது. இதைத் தலைகீழாகவும் பார்க்கலாம். பாசி நிறைந்த குளத்தில் பகலில் ஒளிச்சேர்க்கை கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சுவதால் பிற்பகலில் பி.எச். 9-ஐக் கூடத் தாண்டலாம். அம்மோனியா கணக்கை இங்கே கொண்டுவந்து வைத்துப் பார்த்தால், காலையில் பாதுகாப்பாக இருந்த அதே நீர் பிற்பகலில் மீன்களுக்கு ஏன் நஞ்சாகிறது என்பது தெளிவாகும். மாதிரி எடுத்த நேரத்தைக் குறிக்காத பி.எச். மதிப்பு இத்தகைய குளத்தில் பயனற்றது.

காரத்தன்மையை அளக்கத் தரப்படுத்திய கந்தக அமிலத்தால் பி.எச். ஏறத்தாழ 4.5 வரும்வரை தரம்பார்க்க வேண்டும். முடிவுப்புள்ளி 7-இல் அமையாததற்குக் காரணம், பைகார்பனேட் முழுவதும் கார்பன் டை ஆக்சைடாக மாறி முடிப்பது அந்த இடத்தில்தான் என்பதே.

5. ஆக்சிஜனேற்றமும் ஒடுக்கமும்: ஏணியின் படிகள்

நுண்ணுயிரிகள் கரிமப் பொருளைச் சிதைக்கும்போது எலக்ட்ரான்களை எதற்கேனும் கொடுக்க வேண்டும். அதிக ஆற்றல் தருவதையே முதலில் பயன்படுத்துகின்றன: ஆக்சிஜன், நைட்ரேட், மாங்கனீசு ஆக்சைடு, இரும்பு ஆக்சைடு, சல்பேட், இறுதியாகக் கார்பன் டை ஆக்சைடு. இந்த வரிசையை மட்டும் மனப்பாடம் செய்யலாம். கார்பனேட்டின் இரு பி.கே. மதிப்புகளைத் தவிர, இந்த வழிகாட்டியில் மனப்பாடத்தைப் பரிந்துரைக்கும் ஒரே இடம் இது.

வரிசை தெரிந்தால் களத்தில் மூக்கும் கண்ணும்கூடக் கருவியாகும். ஒரு நீரில் அழுகிய முட்டை மணம் வந்தால் சல்பேட் ஒடுக்கம் நடந்துள்ளது. அப்படியானால் ஆக்சிஜனும் நைட்ரேட்டும் பெரும்பாலும் ஏற்கெனவே தீர்ந்திருக்கும். ஆழத்திலிருந்து தெளிவாக வெளிவந்த நிலத்தடி நீர் சிறிது நேரத்தில் செம்பழுப்பாக மாறினால், கரைந்திருந்த இரும்பு காற்றின் ஆக்சிஜனால் ஹைட்ராக்சைடாகப் படிகிறது. ஓர் அறிக்கையில் கரைந்த ஆக்சிஜனும் சல்பைடும் ஒருங்கே அதிகமாக இருந்தால், மாதிரி எடுத்த முறையையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கரைந்த ஆக்சிஜனுக்கு மேல்வரம்பு உண்டு என்பதை எண்ணாகவே தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வளிமண்டல அழுத்தத்தில் நன்னீர் 0 டிகிரியில் லிட்டருக்கு 14.6 மில்லிகிராமும், 20 டிகிரியில் 9.1 மில்லிகிராமும், 30 டிகிரியில் 7.6 மில்லிகிராமும் ஆக்சிஜனை மட்டுமே கரைத்துக்கொள்ளும். நீர் சூடாகும்போது வாயுவின் கரைதிறன் குறைகிறது. அதே நேரத்தில் உயிரிகளின் தேவை கூடுகிறது.

பி.ஓ.டி. எனப்படும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவைச் சோதனையில் நீர்த்தல் ஏன் கட்டாயம் என்பதும் இதிலிருந்தே வருகிறது. கழிவுநீரின் தேவை பல நூறு மில்லிகிராம். புட்டியில் இருக்கும் ஆக்சிஜனோ 9 மில்லிகிராம்கூட இல்லை. 300 மில்லிலிட்டர் புட்டியில் 6 மில்லிலிட்டர் கழிவுநீரை எடுத்து, மீதியை நீர்த்தல் நீரால் நிரப்பினால் நீர்த்தல் மடங்கு 50. தொடக்க ஆக்சிஜன் 8.6, ஐந்து நாள் கழித்து 4.1 என்றால் பி.ஓ.டி. 4.5 × 50, அதாவது லிட்டருக்கு 225 மில்லிகிராம். 20 டிகிரியில், இருட்டில் வைப்பதும் காரணமில்லாமல் அல்ல: வெளிச்சம் பட்டால் பாசி ஆக்சிஜனை உண்டாக்கி விடையைக் குறைத்துக் காட்டும்.

ஐந்து நாள் முடிவில் குறைந்தது 2 மில்லிகிராம் ஆக்சிஜன் செலவாகியிருக்க வேண்டும், குறைந்தது 1 மில்லிகிராம் மிஞ்சியிருக்கவும் வேண்டும். ஆக்சிஜன் முழுவதும் தீர்ந்த புட்டியின் எண்ணைக் கணக்கில் சேர்ப்பது நான் அடிக்கடி காணும் பிழை. அந்த எண் தேவையை அளக்கவில்லை. புட்டியின் கொள்ளளவை அளந்திருக்கிறது. எனவே ஒரே மாதிரிக்கு மூன்று நான்கு நீர்த்தல்களை ஒரே நேரத்தில் வைப்பது பாதுகாப்பானது.

6. பங்கீடு: எங்கே போய்ச் சேரும்

ஒரு பொருள் காற்று, நீர், மண், உயிரினம் ஆகிய நான்கில் எதை விரும்புகிறது என்பதை மூன்று கெழுக்கள் சொல்லிவிடும்: காற்றுக்கும் நீருக்குமான ஹென்றி மாறிலி, ஆக்டனாலுக்கும் நீருக்குமான பங்கீட்டுக் கெழு, மண்ணின் கரிமக் கார்பனுக்கும் நீருக்குமான கெழு. ஆக்டனால் இங்கே கொழுப்பின் பதிலாள்.

பென்சீனின் ஆக்டனால்-நீர் கெழுவின் மடக்கை 2.1, டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லிக்கு அது 6-க்கும் மேல். மும்மடங்கு என்று படித்தால் பொருள் கெட்டுவிடும். வேறுபாடு பல்லாயிரம் மடங்கு. ஆகவே பென்சீன் நீரிலும் காற்றிலும் பரவ, டி.டி.டி. வண்டலிலும் கொழுப்புத் திசுக்களிலும் சேர்கிறது. இத்தகைய பொருளை நீரில் தேடிக் கிடைக்கவில்லை என்று முடிவு எழுதுவது, தேட வேண்டிய இடத்தில் தேடாததன் விளைவு.

ஹென்றி மாறிலியில் ஒரு கண்ணி உள்ளது. சில நூல்கள் செறிவை அழுத்தத்தால் வகுத்தும், சில அழுத்தத்தைச் செறிவால் வகுத்தும் தருகின்றன. ஒன்று மற்றதன் தலைகீழ். ஆக்சிஜனுக்கு 0.0013 என்றும் 769 என்றும் இரு மதிப்புகள் காணப்படுவது இதனால்தான். எந்த வகை என்று ஐயம் வந்தால், விடை தெரிந்த ஒரு கணக்கால் சோதிக்கலாம். ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் 0.21-ஐ 0.0013-ஆலும் 32-ஆலும் பெருக்கினால் லிட்டருக்கு 0.0087 கிராம், அதாவது 8.7 மில்லிகிராம், இது 25 டிகிரிக்கான அட்டவணை மதிப்பான 8.3-க்கு அருகில் உள்ளது, நீராவியின் பங்கைக் கழித்தால் இன்னும் நெருங்கும்.

மின்சுமை பெற்ற வடிவத்துக்கு இந்தக் கெழுக்கள் அப்படியே பொருந்தா. கரிம அமிலம் ஒன்று அந்த நீரின் பி.எச்.-இல் அயனியாகிவிட்டால் கொழுப்பை விட்டு நீரோடு போகும். எனவேதான் வடிவத்தைப் பற்றிய பகுதி இதற்கு முன்னால் வர வேண்டியிருந்தது.

7. வேகமும் நிறை சமன்பாடும்

பெரும்பாலான சிதைவுகளைத் தொடக்க நிலையில் முதல் வகை வினையாகக் கொள்ளலாம்: மறையும் வேகம், இருக்கும் அளவுக்கு நேர்விகிதம். அரை ஆயுட்காலம் 0.693-ஐ வேக மாறிலியால் வகுத்தால் கிடைக்கும். அரை ஆயுட்காலம் 10 நாள் என்றால் 20 நாளில் ஒன்றும் மிஞ்சாது என்று எழுதும் பிழை இன்னும் ஒழியவில்லை. 20 நாளில் கால் பங்கு மிஞ்சும், ஏழு அரை ஆயுட்காலங்கள் கடந்த பிறகே ஒரு விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்.

இப்போது எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் வைக்கலாம். 10 லட்சம் கன மீட்டர் கொண்ட ஏரி; நாளொன்றுக்கு 10,000 கன மீட்டர் நீர் உள்ளே வந்து அதே அளவு வெளியேறுகிறது; நாளுக்கு 20 கிலோ மாசு சேர்கிறது; வேக மாறிலி நாளுக்கு 0.01. நிலைத்த நிலையில் சேர்வதும் நீங்குவதும் சமம். வெளியேறும் நீர் வழியாக நீங்குவது 10,000 கன மீட்டருக்கு நிகர், சிதைவும் 0.01 × 10,00,000, அதாவது இன்னொரு 10,000 கன மீட்டருக்கு நிகர். 20 கிலோவை 20,000 கன மீட்டரால் வகுத்தால் லிட்டருக்கு 1 மில்லிகிராம். சிதைவே இல்லாவிட்டால் 2 மில்லிகிராம்.

இந்தக் கணக்கின் பயன் விடையில் மட்டும் இல்லை; எந்த எண் மாறினால் விடை எவ்வளவு மாறும் என்பதைக் காட்டுவதில் இருக்கிறது. மாசு நுழைவதை இன்றே நிறுத்தினாலும் ஏரி நாளைக்கே தூய்மையாகாது. கன அளவை மொத்த நீக்கத்தால் வகுத்தால் கிடைக்கும் 50 நாளே இதன் காலவளவு. அதைப் போல மும்மடங்கு காலம் சென்றால் 95 விழுக்காடு நீங்கியிருக்கும். நீரில் அளவு குறைந்தது என்பதாலேயே பொருள் சிதைந்தது என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. வண்டலில் படிந்திருக்கலாம், காற்றுக்குப் போயிருக்கலாம், நீர்த்துப் போயிருக்கலாம்.

8. காற்று: தொடக்கத்துக்குப் போதுமான அளவு

வளிமண்டல வேதியியல் தனி ஒரு பாடம்; தொடக்கத்தில் இரண்டு செய்திகள் போதும். ஒன்று, அடிவளிமண்டலத்தில் பெரும்பாலான மாசுகளை நீக்குவது ஹைட்ராக்சில் தனி உறுப்பு. அதோடு வினைபுரியும் மீத்தேன் ஏறத்தாழ 10 ஆண்டுகளில் நீங்குகிறது. வினைபுரியாத குளோரோஃபுளூரோ கார்பன்களோ அடுக்குமண்டலம்வரை சென்று, அங்கே புறஊதாக் கதிரால் உடைந்து, குளோரினை விடுவிக்கின்றன.

மற்றொன்று, ஓசோன் இருக்கும் இடமே அதன் குணத்தைத் தீர்மானிக்கிறது. மேலே அது புறஊதாக் கதிரைத் தடுக்கிறது. தரையருகே, நைட்ரஜன் ஆக்சைடுகளும் ஆவியாகும் கரிமப் பொருள்களும் சூரிய ஒளியில் வினைபுரிந்து உண்டாக்கும் ஓசோன் நுரையீரலைத் தாக்குகிறது. ஓசோன் படலத்தில் துளை விழுந்ததால்தான் புவி சூடாகிறது என்று எழுதப்படாத விடைத்தாள் கட்டு அரிது. புவி வெப்பமாதலின் முதன்மைக் காரணம் கார்பன் டை ஆக்சைடு போன்றவை அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சுவது. அது வேறு இயக்கம்.

9. மாதிரி எடுத்தல்: இங்கே வரிசை தவறினால் திருத்த வழியில்லை

ஆய்வகப் பிழையை மறுபடி சோதித்துத் திருத்தலாம். கெட்டுப்போன மாதிரியை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. எனவே களத்துக்குப் போகுமுன், எதை அளக்கப் போகிறோம் என்ற பட்டியலிலிருந்து பின்னோக்கிச் சென்று புட்டிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

உலோகங்களுக்கு அமிலத்தால் கழுவிய பாலிஎத்திலீன் புட்டி. கண்ணாடிப் பரப்பு உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளக்கூடும். கரிமப் பொருள்களுக்குப் பழுப்புக் கண்ணாடிப் புட்டி. பிளாஸ்டிக் அவற்றை உறிஞ்சும், தன்னிடமிருந்து சிலவற்றைக் கசியவும் விடும். ஆவியாகும் பொருள்களுக்குப் புட்டியில் ஒரு குமிழிகூட இல்லாமல் விளிம்புவரை நிரப்ப வேண்டும். காற்றிடம் இருந்தால் ஹென்றி விதி தன் வேலையைச் செய்துவிடும்.

இடத்திலேயே அளக்க வேண்டியவை வெப்பநிலை, பி.எச்., கரைந்த ஆக்சிஜன். வாகனத்தில் கொண்டுவரும் வழியிலேயே கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பி.எச். ஏறிவிடும். பி.எச். மீட்டரை அதே நாளில், எதிர்பார்க்கும் மதிப்பு இடையில் வருமாறு இரண்டு தாங்கல் கரைசல்களால் அளவுதிருத்தம் செய்ய வேண்டும்.

கரைந்த உலோகங்களுக்கான வரிசை மிக முக்கியமானது: முதலில் 0.45 மைக்ரோமீட்டர் வடிதாளில் வடிகட்டி, பிறகு நைட்ரிக் அமிலம் சேர்த்து பி.எச்.-ஐ 2-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். மாற்றிச் செய்தால் துகள்களில் ஒட்டியிருந்த உலோகமும் அமிலத்தில் கரைந்து, கரைந்த அளவு பொய்யாக உயர்ந்துவிடும். அமிலமே சேர்க்காவிட்டால் உலோகம் புட்டிச் சுவரில் ஒட்டி அளவு பொய்யாகக் குறையும்.

அமிலமிட்டால் மாதிரி கெடாது என்று மட்டும் நினைவில் வைத்தவர், நைட்ரேட்டுக்கான புட்டியிலும் நைட்ரிக் அமிலத்தை ஊற்றிவிடுவது உண்டு. அளக்க வந்த பொருளையே கையால் சேர்ப்பது அது. நைட்ரேட்டுக்குக் கந்தக அமிலம் ஏற்கலாம். சல்பேட்டுக்கு அதுவும் ஆகாது, குளிரில் வைப்பதே போதும்.

தூய நீர் நிரப்பிய வெற்றுப் புட்டி ஒன்றையும் களத்துக்கு எடுத்துச் சென்று, அங்கே திறந்து, மற்ற மாதிரிகளைப் போலவே நடத்தித் திரும்பக் கொண்டுவர வேண்டும். அதில் ஈயம் தென்பட்டால், மற்ற புட்டிகளில் தென்பட்ட ஈயம் ஆற்றினுடையதா நம்முடையதா என்று சொல்ல முடியாது. நேரம் இல்லை என்று முதலில் கைவிடப்படுவது இந்தப் புட்டிதான். கைவிடக் கூடாததும் இதுதான்.

10. எண்களைச் சோதித்தல்

எல்லா முடிவுகளும் வந்த பின், எழுதத் தொடங்குமுன், மின்சுமைச் சமன்பாட்டைப் பார்க்க வேண்டும். நீர் மின்நடுநிலை கொண்டது. ஆகவே நேர்மின் அயனிகளின் மில்லிசமானங்களும் (மில்லிமோல் அளவை அயனியின் மின்சுமையால் பெருக்கியது) எதிர்மின் அயனிகளுடையவையும் சமமாக இருந்தாக வேண்டும். வேறுபாட்டைக் கூட்டுத்தொகையால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் வருவது, சாதாரண நீர்களில் 5 விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும்.

ஒரு நீரில் கால்சியம் 2.00, மக்னீசியம் 1.00, சோடியம் 2.00, பொட்டாசியம் 0.10 மில்லிசமானங்கள், மொத்தம் 5.10. குளோரைடு 1.50, சல்பேட் 0.50. காரத்தன்மை கால்சியம் கார்பனேட்டாக லிட்டருக்கு 150 மில்லிகிராம். அதை 50-ஆல் வகுத்தால் 3.00. எதிர்மின் பக்கம் 5.00, பிழை ஒரு விழுக்காடு. இதையே ஒருவர் 150 மில்லிகிராம் பைகார்பனேட் என்று எடுத்துக்கொண்டு 61-ஆல் வகுத்தால் 2.46 கிடைக்கும், பிழை 6.7 விழுக்காட்டுக்குத் தாவும். இரண்டாம் பகுதியில் பேசிய அலகுப் பிழையை, கடைசிக் கட்டத்திலும் இந்தச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும். சமன்பாடு பொருந்தினால் எல்லா எண்களும் சரி என்று ஆகிவிடாது. சிறு அளவில் உள்ள உலோகங்களின் பிழை இதில் தெரியவே தெரியாது.

கண்டறியப்படவில்லை என்ற முடிவைச் சுழியமாக எழுதுவது மற்றொரு பிழை. ஒவ்வொரு முறைக்கும் ஒரு கண்டறியும் எல்லை உண்டு. எல்லை லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்றால், 4 மைக்ரோகிராம் உள்ள நீரும் கண்டறியப்படவில்லை என்றே வரும். அறிக்கையில் 5-க்குக் கீழ் என்று எழுத வேண்டும். விதிமுறையின் வரம்பு அந்த எல்லையைவிடக் குறைவாக இருந்தால், அந்த முறையால் அந்த நீரைப் பற்றித் தீர்ப்பு எதுவும் சொல்ல முடியாது. நுண்மையான வேறு முறையில் மாதிரியை மீண்டும் சோதிக்க வேண்டும்.